நிரல் ஓடும்போது உருவாக்கும் கண்ட்ரோல்கள்: சேர்ப்பது, சேமிப்பது, திரும்பக் கொண்டுவருவது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சி ஷார்ப் மொழி, வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் திரைகளை அமைக்கும் நூலகம்) கொண்டு மேசைக்கணினி நிரல் எழுதுகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. விபி டாட்நெட் எழுதுகிறவர்களுக்கும் எல்லாம் பொருந்தும். எழுத்திலக்கணம் மட்டும்தான் வேறு. கண்ட்ரோல் என்பது பட்டன், டெக்ஸ்ட்பாக்ஸ் போன்ற திரை உறுப்பு. முதல் எட்டும் அதைத் திரையில் சேர்ப்பது பற்றியவை. சேமிப்பு ஒன்பதில் தொடங்குகிறது.

1. பட்டனை அழுத்தினா புது டெக்ஸ்ட்பாக்ஸ் வரணும். நியூ போட்டு உருவாக்கிட்டேன், எர்ரரும் இல்ல, ஆனா திரையில ஒண்ணுமே வரலையே?

நியூ என்று போட்டால் நினைவகத்தில் ஒரு பொருள் உருவாகிறது, அவ்வளவுதான். அது எதற்குள் இருக்க வேண்டும் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. ஃபார்மின் கண்ட்ரோல்ஸ் தொகுப்பிலோ, ஒரு பேனலின் கண்ட்ரோல்ஸ் தொகுப்பிலோ ஆட் செய்தால்தான் திரைக்கு வரும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: உருவாக்குங்கள், பெயர், இடம், அளவு, எழுத்து ஆகியவற்றைக் கொடுங்கள், நிகழ்வுகளை இணையுங்கள், கடைசியாக ஆட் செய்யுங்கள். ஆட் செய்துவிட்டுப் பண்புகளை மாற்றினாலும் வேலை நடக்கும். ஆனால் இடமோ அளவோ மாறும்போதெல்லாம் அடுக்கு மறுபடி கணக்கிடப்படுவதால், பெட்டி துள்ளி இடம் மாறுவது கண்ணுக்கே தெரியும்.

2. பத்து தடவை அழுத்தியும் ஒரே ஒரு பெட்டிதான் தெரியுது. மத்த ஒன்பதும் எங்க?

எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றின் அடியில் ஒன்றாகக் கிடக்கின்றன. இடம் சொல்லாவிட்டால் லொக்கேஷன் 0, 0 தான். அதோடு, ஆட் செய்யப்படும் கண்ட்ரோல் தொகுப்பின் கடைசியில் போய்ச் சேரும். தொகுப்பின் கடைசி என்றால் திரை அடுக்கில் எல்லாவற்றுக்கும் அடி. அதனால் முதலில் வந்ததுதான் மேலே தெரியும். கண்ட்ரோல்ஸ்.கவுண்ட் எவ்வளவு என்று அச்சிட்டுப் பாருங்கள், எண்ணிக்கை ஏறியிருக்கும்.

கையால் அடுக்குவதென்றால், முந்தைய பெட்டியின் பாட்டம் மதிப்போடு ஒரு 6 பிக்சல் கூட்டிப் புதியதன் டாப் ஆக்குங்கள். "ஒவ்வொன்றும் 20 உயரம்" என்று எண்ணை நேரடியாக எழுதிவிடாதீர்கள். ஒற்றை வரி டெக்ஸ்ட்பாக்ஸ் தன் உயரத்தை எழுத்துருவைப் பார்த்துத் தானே முடிவு செய்கிறது. பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் இயல்பு எழுத்துரு மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப் 8.25, அதில் உயரம் 20. டாட்நெட் கோர் 3.0 முதல் சேகோ யூஐ 9, அதில் 23. பதிப்பு மாற்றியதும் பெட்டிகள் ஒன்றையொன்று மிதிப்பதற்கு இதுதான் காரணம்.

3. ஃப்ளோ லேஅவுட் பேனல் போட்டேன். கீழ கீழ வராம பக்கத்துல பக்கத்துல போகுது.

மூன்று பண்புகளை மாற்ற வேண்டும்: ஃப்ளோ டைரக்‌ஷன் டாப் டவுன், ராப் கன்டென்ட்ஸ் ஃபால்ஸ், ஆட்டோ ஸ்க்ரோல் ட்ரூ. இரண்டாவதை மறந்தால், உயரம் தீர்ந்ததும் அடுத்த பத்தி பக்கவாட்டில் தொடங்கிவிடும்.

ஒரு வரிசையில் லேபிள், டெக்ஸ்ட்பாக்ஸ், நீக்கும் பட்டன் என்று மூன்று இருந்தால் மூன்றையும் தனித்தனியாகச் சேர்க்காதீர்கள். ஒரு யூசர் கண்ட்ரோல் செய்து மூன்றையும் அதற்குள் வையுங்கள். ஒரு வரிசை, ஒரு கண்ட்ரோல். நீக்குவதும் சேமிப்பதும் பாதி வேலையாகிவிடும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

4. டாக் டாப் கொடுத்தா புதுசு எல்லாம் மேல வந்து நிக்குது. எனக்குக் கடைசியில வரணும்.

டாக் என்பது கண்ட்ரோலைப் பேனலின் விளிம்போடு ஒட்டவைக்கும் பண்பு. அதன் கணக்கு தொகுப்பின் கடைசியிலிருந்து முன்னோக்கி நடக்கும். கடைசியாகச் சேர்ந்தது முதலில் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். ஆட் செய்த கையோடு அந்தக் கண்ட்ரோலுக்கு பிரிங் டு ஃப்ரன்ட் கூப்பிடுங்கள். அது தொகுப்பின் முதலிடத்துக்குப் போய், விளிம்பைக் கடைசியாகப் பிடிக்கும், அதாவது எல்லாவற்றுக்கும் கீழே வரும்.

5. ஆட்டோ ஸ்க்ரோல் பேனல்ல கீழ உருட்டிட்டு "சேர்" அழுத்தினா நடுவுல பெரிய ஓட்டை விழுது. மேல இருக்கும்போது அழுத்தினா சரியா வருது.

உருட்டும் பேனலில் லொக்கேஷன் என்பது உள்ளடக்கத்தின் தொடக்கத்திலிருந்து அளப்பதில்லை. இப்போது கண்ணுக்குத் தெரியும் மேல் விளிம்பிலிருந்து அளப்பது. வரிசை எண்ணை உயரத்தால் பெருக்கி இடம் போடும் நிரல்களில் இந்த ஓட்டை விழும்.

கணக்கைப் பாருங்கள். பதினோராவது வரிசை, ஒவ்வொன்றும் 30 உயரம். டாப் 300 என்று போடுகிறீர்கள். அப்போது பேனல் 200 பிக்சல் கீழே உருட்டப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் விளிம்பிலிருந்து 300 என்றால், உண்மையில் தொடக்கத்திலிருந்து 500. அந்த 200 தான் ஓட்டை. ஆட்டோ ஸ்க்ரோல் பொசிஷன் என்ற பண்பைப் படித்தால் அதன் ஒய் மதிப்பு -200 என்று எதிர்மறையாக வரும். அதைக் கூட்டிவிடுங்கள்: 300 + (-200) = 100. டாப் 100 என்று வைத்தால் சரியான இடம்.

சேமிக்கும்போது இதுவே தலைகீழாக வரும். டாப் மதிப்பிலிருந்து ஆட்டோ ஸ்க்ரோல் பொசிஷனைக் கழித்துச் சேமியுங்கள்: 100 - (-200) = 300. இதைச் செய்யாமல் விட்டால், பயனர் உருட்டியிருந்த நிலையில் மூடிய நாளன்று மட்டும் எல்லாம் மேலே ஏறிப் போய்ச் சேமிக்கப்படும். "சில சமயம் மட்டும் தப்பா வருது" என்று வரும் புகார்களில் முதலில் இதைப் பாருங்கள். 3-இல் சொன்ன ஃப்ளோ பேனலில் இந்தக் கணக்கே வேண்டாம்.

6. நேம் பண்பு கண்டிப்பா கொடுக்கணுமா?

விஷுவல் ஸ்டுடியோவின் டிசைனரில் இழுத்துப் போட்டதற்கு அதுவே பெயர் வைக்கும். நிரலில் உருவாக்கியதற்கு நேம் வெற்று எழுத்துத் தொடர்தான். கண்ட்ரோல்ஸ் தொகுப்பில் பெயரைக் கொடுத்துத் தேட வேண்டுமானால் பெயர் வேண்டும். உள்ளே உள்ள பேனல்களிலும் சேர்த்துத் தேட ஃபைண்ட் முறைக்கு இரண்டாவதாக ட்ரூ கொடுங்கள். அது ஒரு வரிசைத்தொகுப்பைத் திருப்பித் தரும், ஏனென்றால் ஒரே பெயரில் பல இருக்கலாம். ஒரே பெயரை இரண்டு முறை வைத்தாலும் எந்த எச்சரிக்கையும் வராது.

பெயரை "டெக்ஸ்ட்பாக்ஸ்" + (கவுண்ட் + 1) என்று செய்வது எல்லாரும் விழும் குழி. 1, 2, 3 இருக்கின்றன, 2-ஐ நீக்குகிறீர்கள், எண்ணிக்கை 2, அடுத்தது மறுபடி 3. இப்போது இரண்டு 3. எப்போதும் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணைத் தனியாக வைத்து அதையும் சேமியுங்கள், அல்லது கைட் (மீண்டும் வராத நீண்ட அடையாளம்) பயன்படுத்துங்கள்.

7. இருபது பட்டன் சேர்த்தேன், எல்லாத்துக்கும் ஒரே க்ளிக். எதை அழுத்தினாங்கன்னு எப்படித் தெரியும்?

நிகழ்வு முறைக்கு முதலில் வரும் சென்டர் (நிகழ்வை அனுப்பிய பொருள்) தான் அழுத்தப்பட்ட பட்டன். அதைப் பட்டனாக மாற்றி, டேக் பண்பில் நீங்கள் வைத்த அடையாளத்தைப் படியுங்கள். டேக்கில் எண் மட்டுமல்ல, அந்த வரிசைக்கான முழுப் பொருளையும் வைக்கலாம்.

ஃபார் சுழலுக்குள் லாம்டா (பெயரில்லாத சிறு முறை) எழுதி, உள்ளே சுழல் மாறியைப் பயன்படுத்தினால் எல்லாப் பட்டனும் ஒரே எண்ணைச் சொல்லும். 0 முதல் 4 வரை ஐந்து பட்டன் என்றால் எதை அழுத்தினாலும் 5. லாம்டா எடுத்துக்கொள்வது மாறியை, அதன் அப்போதைய மதிப்பை அல்ல. சுழலுக்குள் ஒரு புது மாறியில் நகல் எடுத்து அதைக் கொடுங்கள். ஃபார்ஈச் சுழலில் இந்தச் சிக்கலை 2012-இல் வந்த சி ஷார்ப் 5 சரிசெய்துவிட்டது; ஃபார் சுழலில் இன்றும் உண்டு.

8. எல்லாத்தையும் நீக்க ஃபார்ஈச் போட்டு ரிமூவ் பண்ணேன். பாதிதான் போச்சு.

முதலாவதை நீக்கியதும் இரண்டாவது முதலிடத்துக்கு நகர்கிறது. சுழலோ இரண்டாமிடத்துக்குப் போய்விட்டது. ஒன்று விட்டு ஒன்றுதான் நீங்கும். கடைசியிலிருந்து பின்னோக்கி ஃபார் சுழல் ஓட்டுங்கள்.

ரிமூவும் கிளியரும் கண்ட்ரோலைத் திரையிலிருந்து எடுக்கும், அழிக்காது. டிஸ்போஸ் கூப்பிட்டால்தான் விண்டோஸிடம் வாங்கிய கைப்பிடி (ஹேண்டில், சாளரத்துக்கு விண்டோஸ் தரும் அடையாளம்) திரும்பிப் போகும். டிஸ்போஸ் தானே பெற்றோரிடமிருந்தும் (அதைத் தாங்கும் பேனல் அல்லது ஃபார்ம்) விலகிக்கொள்ளும், தனியாக ரிமூவ் வேண்டாம். இதை விட்டால் உடனே ஒன்றும் தெரியாது. ஒரு செயல்முறைக்கு விண்டோஸ் இயல்பாகத் தரும், சாளரம் போன்ற யூசர் பொருள்களின் உச்சவரம்பு 10,000. திரையைக் கிளியர் செய்து மறுபடி நிரப்பும் நிரல் நாள் முழுக்க ஓடினால், மாலையில் சாளரக் கைப்பிடி உருவாக்க முடியவில்லை என்ற பிழையோடு விழும். டாஸ்க் மேனேஜரின் விவரங்கள் பக்கத்தில் யூசர் ஆப்ஜெக்ட்ஸ் பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் கசிவு இருக்கிறது.

9. சேர்த்ததெல்லாம் ஃபார்மை மூடித் திறந்தா காணோம். டிசைனர்ல போட்டது மட்டும் அப்படியே இருக்கே?

டிசைனரில் போட்டதை விஷுவல் ஸ்டுடியோ டிசைனர் கோப்பில் நிரலாகவே எழுதி வைக்கிறது. ஃபார்ம் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நிரல் ஓடி, அதே கண்ட்ரோல்களைப் புதிதாகப் படைக்கிறது. அதாவது டிசைனர் கண்ட்ரோல்களும் எங்கேயும் "சேமிக்கப்பட்டு" இருக்கவில்லை, செய்முறைதான் சேமிக்கப்பட்டிருக்கிறது. பயனர் சேர்த்தவற்றுக்கு அந்தச் செய்முறையை எழுதி வைப்பது உங்கள் வேலை.

10. அப்போ கண்ட்ரோலையே அப்படியே சீரியலைஸ் பண்ணி கோப்புல போட்டா முடிஞ்சுதே?

முடியாது. சீரியலைஸ் என்பது ஒரு பொருளைக் கோப்பில் எழுதக்கூடிய வடிவமாக மாற்றுவது. எக்ஸ்எம்எல் சீரியலைசர், சைட் என்ற பண்பு இன்டர்ஃபேஸாக இருப்பதைப் பார்த்தவுடனேயே மறுத்துவிடும். பைனரி ஃபார்மேட்டர், இந்த வகை சீரியலைசபிள் எனக் குறிக்கப்படவில்லை என்று சொல்லும். அதற்கு மாற்றுவழி தேடி அலையவும் வேண்டாம்; பாதுகாப்புக் கோளாறுகளால் அது 2024-இல் வந்த டாட்நெட் 9-இல் நீக்கப்பட்டுவிட்டது, கூப்பிட்டால் பிழைதான் வரும். ஜேசன் (பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) ஆக்கப் பார்த்தால், கண்ட்ரோலுக்குள் பேரன்ட், பேரன்டுக்குள் கண்ட்ரோல்ஸ், அதற்குள் மறுபடி அதே கண்ட்ரோல் என்று சுற்றில் மாட்டும்.

ஏதோ ஒரு தந்திரத்தால் முடிந்தாலும் செய்யக் கூடாது என்பேன். ஒரு டெக்ஸ்ட்பாக்ஸில் பல பத்துப் பண்புகள் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது ஏழோ எட்டோ. கண்ட்ரோல் என்பது திரையில் தெரியும் நிழல். அசல் உங்கள் பட்டியல். பட்டியலைச் சேமியுங்கள், நிழலை எப்போது வேண்டுமானாலும் திரும்ப விழவைக்கலாம்.

11. சரி, அந்தப் பட்டியல்ல என்னென்ன இருக்கணும்?

வெறும் தரவு மட்டுமே உள்ள ஒரு சிறு வகுப்பு எழுதுங்கள். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

அடையாளம்: 14
வகை: உரைப்பெட்டி
பெற்றோர்: 3
வரிசை: 2
இடம்: 12, 300
அளவு: 180, 23
தலைப்பு: கைபேசி எண்
மதிப்பு: (பயனர் தட்டியது)

பெற்றோர் என்பது, கண்ட்ரோல் எந்தப் பேனலுக்குள் இருக்கிறதோ அந்தப் பேனலின் அடையாளம். உள்ளுக்குள் உள்ளாக அடுக்கியிருந்தால் இது அவசியம். படிக்கும்போது பெற்றோரை முதலில் உருவாக்கிவிட்டுப் பிள்ளைகளுக்கு வாருங்கள். வரிசை எதற்கென்றால், ஃப்ளோ பேனலில் இடத்தை நிர்ணயிப்பது லொக்கேஷன் அல்ல, தொகுப்பில் உள்ள முறைதான். அந்தப் பேனலைப் பயன்படுத்தினால் இடத்தைச் சேமிக்கவே வேண்டாம். டேப் விசையின் முறையும் சேர்த்த வரிசைப்படி தானாக அமையும். நடுவில் செருகினால் மட்டும் டேப் இண்டெக்ஸைத் திரும்ப எண்ணிப் போடுங்கள்.

நிறத்தையும் எழுத்துருவையும் பொருளாகவே இந்த வகுப்பில் வைக்காதீர்கள். கலர் பண்பை எக்ஸ்எம்எல் சீரியலைசர் வெற்று உறுப்பாக எழுதிவிடும், பிழையும் சொல்லாது. நிறத்தை ஏஆர்ஜிபி எண்ணாகவும், எழுத்துருவைப் பெயர், அளவு, பாணி என்று மூன்றாகவும் வையுங்கள்.

பட்டியலை ஜேசனாக எழுதுவதே எளிது. அதற்கான நூலகம் டாட்நெட் கோர் 3.0 முதல் உள்ளேயே வருகிறது. கோப்பைத் திறந்து கண்ணால் படித்துப் பிழை பார்க்கவும் வசதி.

12. கோப்பை நிரல் இருக்கிற ஃபோல்டர்லயே வெச்சா? என் கணினியில ஓடுது, மத்தவங்களுக்குச் சேமிக்க மாட்டேங்குது.

நிறுவிய பிறகு நிரல் புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும். சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. விஷுவல் ஸ்டுடியோவில் ஓட்டும்போது உங்கள் சொந்த ஃபோல்டரில் ஓடுவதால் தெரியவில்லை. சில பழைய 32 பிட் நிரல்களில் இன்னொரு வேடிக்கை: விண்டோஸ் அந்த எழுத்தைச் சத்தமில்லாமல் விர்ச்சுவல் ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். சேமித்தது போலவே இருக்கும், தேடினால் கோப்பு இருக்காது.

என்விரான்மென்ட் வகுப்பின் கெட் ஃபோல்டர் பாத் முறைக்கு அப்ளிகேஷன் டேட்டா என்று கொடுத்து, அதற்குள் உங்கள் நிரல் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கிக்கொள்ளுங்கள். ஒருவேளை பெட்டிகளில் கடவுச்சொல் போன்றவை வருமென்றால், மதிப்பை ப்ரொடெக்டெட் டேட்டா வகுப்பால் பூட்டிவிட்டு எழுதுங்கள். அதே விண்டோஸ் பயனர் கணக்கில்தான் திறக்கும்.

13. ப்ராபர்ட்டீஸ் செட்டிங்ஸ்ல போடலாமா?

ஜேசன் உரையை ஒரே எழுத்துத் தொடராக யூசர் நிலை அமைப்பில் வைக்கலாம். சேவ் கூப்பிட மறக்காதீர்கள். ஆனால் அந்தக் கோப்பு இருக்கும் பாதையில் பதிப்பு எண்ணும் ஒரு பகுதி. பதிப்பை உயர்த்தியதும் எல்லாம் மறைந்தது போல் ஆகும். முதல் ஓட்டத்தில் ஒருமுறை அப்கிரேட் கூப்பிட வேண்டும். பத்துப் பெட்டிக்குச் சரி. அதற்கு மேல் தனிக்கோப்பே நல்லது.

14. தரவுத்தளத்துல வைக்கணும்னா ஒவ்வொரு புது பெட்டிக்கும் ஒரு பத்தி சேர்க்கணுமா?

வேண்டாம். பயனர் கை வைக்கும் இடத்தில் அட்டவணையின் அமைப்பு மாறக் கூடாது. பத்திகளுக்கு எல்லையும் உண்டு: ஆக்சஸில் 255, எஸ்க்யூஎல் சர்வரில் சாதாரண அட்டவணைக்கு 1,024. இரண்டு அட்டவணை போதும். ஒன்றில் புலங்களின் வரையறை, 11-இல் காட்டிய பதிவு, மதிப்பு நீங்கலாக. இன்னொன்றில் மதிப்புகள்: பதிவு எண், புல அடையாளம், மதிப்பு. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுப் புலம் நிரப்பினால் இரண்டாவதில் எட்டு வரி.

ஒரு புலத்தைப் பயனர் நீக்கினால் வரையறையை அழிக்காமல் "பயன்பாட்டில் இல்லை" என்று குறியுங்கள். பழைய மதிப்புகள் அனாதையாகாது. எஸ்க்யூலைட்டில் எழுதும்போது எல்லா இன்சர்ட்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் வட்டில் எழுதி முடியும்வரை காத்திருக்கும். 200 வரிக்கே தாமதம் கண்ணில் படும். தலைப்பையும் மதிப்பையும் பயனர்தான் தட்டுகிறார், எனவே வினவலில் ஒட்டாமல் அளவுருவாகவே அனுப்புங்கள்.

15. வகைப் பெயரைக் கோப்புல வெச்சு, டைப்.கெட்டைப் போட்டுத் திரும்ப உருவாக்கப் பார்த்தா நல் வருது.

முழுப்பெயர் மட்டும் கொடுத்தால் அந்த முறை உங்கள் அசெம்ப்ளியிலும் (தொகுத்து முடித்த நிரல் கோப்பு) டாட்நெட்டின் அடிப்படை நூலகத்திலும்தான் தேடும். டெக்ஸ்ட்பாக்ஸ் இருப்பது வின்ஃபார்ம்ஸ் அசெம்ப்ளியில். அசெம்ப்ளிப் பெயரையும் சேர்த்து எழுதினால் கிடைக்கும், ஆனால் அந்த வழியே வேண்டாம். கோப்பை யாராவது திருத்தி வேறு வகையின் பெயரை எழுதினால் உங்கள் நிரல் அதையும் உருவாக்கித் தரும்.

"உரைப்பெட்டி", "தேர்வுப்பெட்டி", "தேதி" என்று உங்களுக்கே உரிய குறும்பெயர்களை வைத்து, ஒரு ஸ்விட்ச்சில் எந்தப் பெயருக்கு எந்தக் கண்ட்ரோல் என்று எழுதுங்கள். பழக்கமில்லாத பெயர் வந்தால் அந்தப் பதிவைத் தாண்டிவிட்டு லாக் கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தத் திரையையும் விழவிடாதீர்கள். "சேர்" பட்டனும் இதே ஸ்விட்ச் வழியாகவே போகட்டும். சேர்க்க ஒரு நிரல், திறக்க இன்னொரு நிரல் என்று வைத்தால், ஒரு மாதத்தில் இரண்டும் வெவ்வேறு மாதிரி பெட்டிகளைத் தயாரிக்கும்.

16. திரும்பத் திறக்கும்போது நியூமெரிக் அப்டவுன்ல எர்ரர், காம்போபாக்ஸ் வெறுமையா இருக்கு. கோப்புல மதிப்பு சரியாத்தான் இருக்கு.

வரிசைதான் பிரச்சினை. நியூமெரிக் அப்டவுனின் மேக்ஸிமம் இயல்பாக 100. சேமித்த மதிப்பு 250 என்றால், மேக்ஸிமத்தை உயர்த்துவதற்கு முன் வேல்யூ போட்டால் எல்லை மீறிய பிழை. முதலில் எல்லைகள், பிறகு மதிப்பு.

காம்போபாக்ஸும் அப்படித்தான்: முதலில் ஐட்டம்ஸ், பிறகு தேர்வு. பட்டியலிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கும் பாணியில் வைத்திருந்தால், பட்டியலில் இல்லாத சொல்லை டெக்ஸ்ட்டில் போட்டால் சத்தமில்லாமல் புறக்கணித்துவிடும். அதனால்தான் எர்ரர்கூட இல்லை. ரேடியோ பட்டன்களில் வேறு விதம்: ஒரே பெற்றோருக்குள் இருக்கும் எல்லாம் ஒரே குழு. இரண்டு கேள்விகளின் ரேடியோக்களை ஒரே பேனலில் போட்டால், இரண்டாவது கேள்வியின் விடையை மீட்கும்போது முதல் விடை அணைந்துவிடும். கேள்விக்கு ஒரு பேனல்.

17. தேதியில நாளும் மாசமும் இடம் மாறிடுது.

டூ ஸ்ட்ரிங் அந்தக் கணினியின் வட்டார அமைப்புப்படி எழுதும். 03/04 என்பது ஓரிடத்தில் ஏப்ரல் 3, இன்னோரிடத்தில் மார்ச் 4. தசமப்புள்ளிக்குக் காற்புள்ளி போடும் அமைப்புகளும் உண்டு. எழுதும்போதும் படிக்கும்போதும் இன்வேரியன்ட் கல்ச்சர் (எந்த வட்டாரத்தையும் சாராத அமைப்பு) கொடுங்கள். தேதியை ஆண்டு-மாதம்-நாள் முறையில் எழுதுங்கள்.

18. எப்போ சேமிக்கிறது? ஃபார்ம் மூடும்போது போதாதா? ஒரு தடவை கோப்பே காலியாயிடுச்சு.

ஃபார்ம் க்ளோசிங் நிகழ்வில் சேமிப்பது குறைந்தபட்சம். மின்சாரம் போனால் அது ஓடாது. மாற்றம் நடந்ததும் ஒரு டைமரைத் தொடங்கி, கடைசி மாற்றத்துக்குப் பிறகு 500 மில்லிசெகண்ட் அமைதியாக இருந்தால் சேமியுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் வட்டைத் தட்ட வேண்டாம்.

காலியாவதற்கு இரண்டு வழி. ஒன்று, எழுதிக்கொண்டிருக்கும்போதே நிரல் விழுவது. தற்காலிகக் கோப்பில் முழுக்க எழுதி முடித்துவிட்டு, ஃபைல்.ரீப்ளேஸ் கொண்டு அசலின் இடத்தில் வையுங்கள். அசல் கோப்பு இல்லாத முதல் முறை ரீப்ளேஸ் பிழை தரும். அப்போது மட்டும் மூவ். இரண்டாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை: திறக்கும்போது முதல் பெட்டிக்கு மதிப்பு போட்டதும் டெக்ஸ்ட் சேஞ்ச்டு எழும், அது சேமிப்பைக் கூப்பிடும், அந்த நேரத்தில் திரையில் ஒரே ஒரு பெட்டிதான் இருக்கிறது. மீதி இருபதும் கோப்பிலிருந்து போயின. "ஏற்றப்படுகிறது" என்று ஒரு பூலியன் வைத்து, அது ட்ரூவாக இருக்கும்வரை சேமிப்பு முறை ஒன்றும் செய்யாமல் திரும்பட்டும். ஃபால்ஸ் ஆக்குவதை ஃபைனலியில் எழுதுங்கள், இல்லையென்றால் ஏற்றும்போது ஒரு பிழை வந்தால் அதன் பிறகு எதுவுமே சேமிக்கப்படாது.

19. விசிபிள் பண்பையும் சேமிச்சேன். அடுத்த தடவை திறந்தா ரெண்டாவது டேப்ல எல்லாம் மறைஞ்சு போச்சு.

விசிபிள் என்பதைப் படித்தால், நீங்கள் வைத்த மதிப்பு வராது; இப்போது உண்மையில் தெரிகிறதா என்பது வரும். பெற்றோர் மறைந்திருந்தால் பிள்ளைக்கும் ஃபால்ஸ். தேர்ந்தெடுக்கப்படாத டேப்பில் உள்ள எல்லாமே அப்படித்தான். மறைத்தாரா இல்லையா என்பதை 11-இல் சொன்ன பதிவிலேயே தனிப் பண்பாக வைத்துக்கொள்ளுங்கள், கண்ட்ரோலிடம் கேட்காதீர்கள்.

20. வேற கணினியில திறந்தா பெட்டியெல்லாம் சின்னதா, இடம் மாறி இருக்கு. சிலது ஃபார்முக்கு வெளியவே போயிடுது.

முதல் காரணம் திரையின் அளவுகோல். 100 சதவீதம் என்றால் 96 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு), 150 என்றால் 144. உங்கள் 144 திரையில் 270 பிக்சல் அகலமுள்ள பெட்டியை அப்படியே சேமித்து 96-இல் திறந்தால் பூதாகாரமாகவும், மறுபக்கம் பொடிசாகவும் தெரியும். சேமிக்கும்போது டிவைஸ் டிபிஐ மதிப்பால் வகுத்து 96-ஆல் பெருக்குங்கள் (270 இங்கே 180 ஆகும்), திறக்கும்போது எதிர்த்திசையில். அந்தப் பண்பு டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.7 முதல் உண்டு; நிரல் டிபிஐ அறிந்ததாக அறிவிக்கப்பட்டிருந்தால்தான் உண்மையான எண்ணைச் சொல்லும்.

இரண்டாவது, ஆங்கர். வலது விளிம்போடு கட்டிய பட்டன், தன்னைச் சேர்க்கும் நேரத்தில் விளிம்புக்கு எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ளும். 1,000 அகலப் பேனலில் 880-இல் தொடங்கும் 100 அகலப் பட்டன், இடைவெளி 20. அதை 800 அகலப் பேனலில் அதே எண்களோடு சேர்த்தால், விளிம்பைத் தாண்டி 180 பிக்சல் வெளியே என்றுதான் குறித்துக்கொள்ளும். பிறகு பெரிதாக்கினாலும் வெளியேதான். பேனலின் அளவையும் சேமித்து, முதலில் அதை அமைத்துவிட்டுப் பிறகு சேருங்கள். ஃபார்ம் பெரிதாக்கப்பட்ட நிலையில் மூடப்பட்டால் சைஸ் அல்ல, ரிஸ்டோர் பவுண்ட்ஸ் தான் சேமிக்க வேண்டிய அளவு.

21. க்ளிக் நிகழ்வை எப்படிச் சேமிக்கிறது?

சேமிக்க முடியாது, தேவையுமில்லை. பதிவில் "செயல்: அச்சிடு" என்பது போல ஒரு பெயரை வையுங்கள், பெயருக்கு எந்த முறை என்று நிரலில் ஓர் அகராதி இருக்கட்டும். 15-இல் வகைக்குச் செய்ததேதான்.

22. அடுத்த பதிப்புல புதுசா ஒரு பண்பு சேர்த்தா பழைய கோப்பு திறக்குமா?

ஜேசனில் இல்லாத பண்புக்கு வகுப்பின் இயல்பு மதிப்பே நிற்கும், எனவே பெரும்பாலும் திறக்கும். ஆபத்து, பண்பின் பெயரையோ பொருளையோ மாற்றும்போதுதான். 20-இல் சொன்ன டிபிஐ கணக்கை இரண்டாம் பதிப்பில்தான் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள்: பழைய எண்கள் திரைப் பிக்சல், புதியவை 96 அளவு, பார்த்தால் வேறுபாடே தெரியாது. கோப்பின் தலையில் முதல் நாளிலிருந்தே பதிப்பு எண் ஒன்றை எழுதுங்கள்.

23. ஐநூறு வரிசை இருக்கு. திறக்கவே ரொம்ப நேரமாகுது, திரை மினுக்குது.

சேர்ப்பதற்கு முன் பேனலுக்கு சஸ்பெண்ட் லேஅவுட், முடிந்ததும் ரெஸ்யூம் லேஅவுட். ஒவ்வொன்றாக ஆட் செய்யாமல் வரிசைத்தொகுப்பில் சேர்த்து ஆட் ரேஞ்ச். கோப்பைப் படிப்பதைப் பின்னணி இழையில் (த்ரெட்) செய்யலாம். கண்ட்ரோல் உருவாக்குவதும் சேர்ப்பதும் மட்டும் முகப்பு இழையில்தான்.

இவ்வளவும் செய்தும் மெதுவாக இருந்தால் அது வடிவமைப்பின் கோளாறு. ஒரு நியூமெரிக் அப்டவுன் தனக்கு, உள்ளே எழுதும் பெட்டிக்கு, அம்புப் பட்டன்களுக்கு என்று மூன்று சாளரம் எடுக்கும். வரிசைக்கு ஐந்து கண்ட்ரோல், ஐநூறு வரிசை என்றால் 8-இல் சொன்ன 10,000-இல் கால் பங்குக்கு மேல் போய்விடும். எல்லா வரிசையும் ஒரே மாதிரி என்றால் டேட்டா கிரிட் வியூ போடுங்கள். வரிசைக்கு வரிசை வேறு என்றால் பக்கத்துக்கு முப்பது காட்டுங்கள். ஐநூறையும் ஒரே நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

24. டபிள்யூபிஎஃப்லயும் இதே கதைதானா? அங்க ஸாமல் ரைட்டர் இருக்கே.

டபிள்யூபிஎஃப் விண்டோஸ் திரைகளுக்கான இன்னொரு நூலகம், ஸாமல் அதில் திரையை விவரிக்கும் உரை மொழி. ஸாமல் ரைட்டரின் சேவ், திரையை ஸாமலாக எழுதித் தரும். ஆனால் நிகழ்வு இணைப்புகள் அதில் வராது. பைண்டிங் (தரவோடு கட்டிய இணைப்பு) இருந்த இடத்தில் அப்போதைய மதிப்பு மட்டும் நிற்கும். அதை நம்பி எழுதியவர்கள் பெரும்பாலும் திரும்ப எழுத வேண்டி வருகிறது.

அங்கே 11-இல் சொன்ன பட்டியலை அப்சர்வபிள் கலெக்‌ஷனாக வைத்து, ஐட்டம்ஸ் கண்ட்ரோலோடு பைண்ட் செய்து, வகைக்கு ஒரு டேட்டா டெம்ப்ளேட் எழுதினால் போதும். பட்டியலில் ஒன்று சேர்த்தால் திரையில் பெட்டி வரும், எடுத்தால் போகும். ஆட், ரிமூவ் எதையும் நீங்கள் கூப்பிடவே வேண்டாம். சேமிப்புக்கு அதே ஜேசன் கோப்பு, 18-இல் சொன்ன அதே கவனங்கள்.